எழுதிக் கொடுத்த பதினொரு வருஷம்

ஓமனாவுக்குச் சொந்தமென்று இருந்தது நாலரை சென்ட் இடமும் அதில் ஒரு ஓட்டு வீடும்தான். அவள் வாழை நட்டதெல்லாம் பிறத்தியார் மண்ணில். மார்த்தாண்டத்திலிருந்து வடக்கே போகிற மினி பஸ் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி நிற்கும் இடத்தில் அவள் ஊர். அங்கே இரண்டு மேடுகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் வயல் பரப்பை ஏலா என்பார்கள். அந்த ஏலாவில் எழுபது சென்ட் நேசபாய் டீச்சருக்குச் சொந்தம். கணவர் இறந்த பிறகு நெல் போட ஆளில்லாமல் டீச்சர் அதைச் சும்மா போட்டிருந்தார். 2007-ல் ஓமனா போய்க் கேட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. கணவர் சுயம்புராஜ் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர். மழைக்காலத்தில் வேலை கிடையாது. ஒரே மகள் ஆதிரா மூன்றாம் வகுப்பில் படித்தாள். வீட்டுக்கு இன்னொரு வருமானம் வேண்டியிருந்தது. ஓமனாவுக்கு வாழை தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு குழி எடுத்திருக்கிறாள்.

"பாட்டத்துக்குத் தாறேன்," என்றார் டீச்சர். பாட்டம் என்றால் நிலத்துக்கு வருஷ வாடகை. பாதி நடும்போது, மீதிப் பாதி கிறிஸ்துமஸுக்கு முன்னால்.

"ஒரு கடலாசுல எழுதிக்கிடலாமா டீச்சர்?" என்று ஓமனா கேட்டாள்.

"எழுத்தெல்லாம் என்னத்துக்கு ஓமனா? உனக்கு என்னைத் தெரியும், எனக்கு உன்னைத் தெரியும். எழுதினா அது ஒரு நாள் கோர்ட்டுல போய் நிக்கும். பாட்டக்காரனை எறக்கி விட முடியாதுன்னு சட்டம் இருக்கு பாரு. அதுக்குப் பயந்தே பாதி பேரு வயலைத் தரிசு போட்டிருக்காங்க."

டீச்சர் மனதில் உள்ளதை ஒளிக்காமல் சொன்னது ஓமனாவுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே மண்வெட்டியோடு இறங்கிவிட்டாள்.

பதினொரு வருஷம் அந்த வயல் அவள் கையில் இருந்தது. கால்வாயை ஒட்டிய ஈரத்தில் செந்துளுவன் என்கிற சிவப்பு வாழை, மேட்டோரம் ஏத்தன் என்கிற நேந்திரன். செந்துளுவன் குலை வெட்ட ஒன்றரை வருஷம் ஆகும். நட்ட பிறகு அத்தனை காலம் பொறுத்திருக்க எல்லோராலும் முடியாது. ஓமனாவால் முடிந்தது. தொடக்கத்தில் நாற்பது கன்று வாங்கினாள். பிறகு தன் தோட்டத்திலேயே நல்ல தாய் வாழையாகப் பார்த்து, அதன் கன்றை மட்டும் எடுத்து, மற்றதை வெட்டி எறிந்து, வருஷத்துக்கு வருஷம் பெருக்கினாள். ஏழெட்டு வருஷத்தில் மார்த்தாண்டம் சந்தை வியாபாரிகள் அவள் குலையைக் கண்டால் அடையாளம் சொல்லும் நிலை வந்தது. களியக்காவிளையிலிருந்து ஒருவர் கன்றுக்காகவே வந்து போனார். பாட்டம் ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் ஒரு சீப்பு செந்துளுவனோடு டீச்சர் வீட்டுக்குப் போவாள். டீச்சர் கேக்கும் ஆதிராவுக்கு ஒரு துணியும் கொடுப்பார்.

2017 நவம்பர் கடைசியில், அறுநூறு வாழைகள் நின்றன. அதில் இருநூற்றைம்பது செந்துளுவன், குலை முற்றுகிற தறுவாயில், கிறிஸ்துமஸ் சந்தைக்கு இன்னும் மூன்று வாரம். ஒவ்வொன்றுக்கும் கம்பு முட்டுக் கொடுத்துக் கட்டியிருந்தாள். முப்பதாம் தேதி ஒக்கி புயல் வந்தது.

புதன் இரவு முழுக்கச் சாரலும் காற்றுமாக இருந்தது. வியாழன் காலை காற்றின் சத்தமே வேறாகிவிட்டது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரங்கள் இடுப்போடு ஒடிந்து விழும் ஓசை, ஒன்று முடியுமுன் அடுத்தது, கேட்டுக்கொண்டே இருந்தது. ஓமனா இரண்டு தடவை கதவைத் திறந்தாள். சுயம்புராஜ் குறுக்கே நின்றார்.

"மரம் விழுந்து சாவப் போறியா? நீ போய்ப் பிடிச்சா நிக்குமா?"

மத்தியானத்துக்கு மேல் காற்று ஓய்ந்தபோது இருவரும் போனார்கள். வழியெல்லாம் மரம். அரை மணி நேரம் நடக்கிற தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஏலாவின் கரையில் நின்று பார்த்தபோது வயல் முழுக்க ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தது. முட்டுக் கம்புகள் சில மட்டும் எதையும் தாங்காமல் நின்றன. ஓமனா உள்ளே இறங்கி, வரிசை வரிசையாக நடந்து, ஒன்றாவது நிற்கிறதா என்று பார்த்தாள். கால்வாய் மூலையில் பதினொன்று நின்றன, குலை விடாத இளசுகள்.

அவள் அழவில்லை. அன்றைக்கே குலைகளை வெட்ட ஆரம்பித்தாள். மூன்று நாள் கரண்டும் இல்லை, போனும் இல்லை, லாரியும் இல்லை. நாலாம் நாள் சந்தைக்குப் போனால் மாவட்டத்து வாழையெல்லாம் அங்கே கிடந்தது. விளையாத காயை யார் வாங்குவார்கள்? கிடைத்த காசு வண்டிக் கூலிக்கே சரியாகப் போனது. மீதியை மாட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வந்தாள். சுயம்புராஜ் பால் வெட்டிய தோட்டமும் போயிற்று. அங்கே இனி ஏழு வருஷத்துக்கு வெட்ட மரமில்லை.

டிசம்பர் நடுவில் ஓமனா டீச்சர் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பெரிய பிலாமரம் கார் ஷெட்டின்மேல் விழுந்து கிடந்தது. இயந்திர வாளால் இரண்டு பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவளை உட்காரச் சொல்லிக் கட்டன்சாயா கொடுத்தார்.

"வயல் முழுசும் போச்சு டீச்சர்."

"கேட்டேன். இஞ்சயும் பாரு, ஷெட்டு போச்சு. எபிசன் கத்தார்ல இருந்து போன்ல கெடந்து சத்தம் போடுகான்." எபிசன் டீச்சரின் ஒரே மகன்.

"இந்த வருஷத்து மீதிப் பாட்டம்... விட்டுத் தரணும் டீச்சர்."

டீச்சர் சாயாவை ஊதிக்கொண்டே, "எம்புட்டு?" என்றார்.

"மொத்தமும். குலை வித்துல்லியா நான் தாறது? குலை இல்லியே."

வாளின் சத்தம் ஓயும்வரை டீச்சர் காத்திருந்தார். "ஓமனா, நான் ஞாயமாட்டுச் சொல்லுகேன், கேளு. மூணு வருஷம் முன்னே ஓணத்துக்கு ஏத்தன் நல்ல விலைக்குப் போச்சு. அந்நேரம் நான் பாட்டத்தைக் கூட்டித் தாண்ணு கேட்டனா? இல்ல. லாபம் உனக்குள்ளதுண்ணா நட்டமும் உனக்குள்ளது. நான் தந்தது மண்ணு. காத்து வந்து மண்ணைக் கொண்டு போவல்லியே, அங்கதானே கெடக்கு."

அந்தப் பேச்சில் எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று ஓமனாவுக்குத் தோன்றியது. ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. "கொஞ்சம் சாவகாசம் தாங்க," என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த வாரமே சேதக் கணக்கெடுக்க வில்லேஜ் ஆபீஸர் வந்தார். வெளி மாவட்டத்துக்காரர், இளைஞர். ஏலாவின் வரப்பில் நின்று எழுதினார்.

"பட்டா யார் பேருல இருக்கும்மா?"

"நேசபாய் டீச்சர் பேருல சார். பயிர் வெச்சது நானாக்கும்."

"பயிர்க் கணக்கு எழுதுற அடங்கல்லயும் அவங்க பேருதான் இருக்கு. நீங்கதான் பயிர் செஞ்சீங்கன்னு அவங்க ஒரு கடிதம் கொடுக்கணும். இல்லேன்னா பக்கத்து வயல்காரங்க யாராவது சொல்லணும்."

பக்கத்து வயல்காரர் சுந்தர்சிங் அங்கேயேதான் நின்றார். ஓமனாவுக்கும் அவருக்கும் நடுவே ஒரே வரப்பு. கோடையில் அவள் மோட்டாரில் அவரும் தண்ணீர் இறைப்பார். ஓமனா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கால்வாயைப் பார்த்தார்.

"எனக்க வயலைப் பாக்கவே எனக்கு நேரம் இல்ல சார். யாரு நட்டா, யாரு வெட்டினான்னு நான் எப்படிச் சொல்லுகது?"

அவர் அப்படிச் சொன்னதன் காரணம் ஓமனாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த எழுபது சென்டையும் சேர்த்துப் பாட்டத்துக்கு எடுக்க சுந்தர்சிங் அதற்குள்ளேயே டீச்சரிடம் பேசிவிட்டிருந்தார்.

கடிதத்துக்கு டீச்சரிடம் போனாள். டீச்சர் தலையாட்டினார், மாட்டேன் என்று. "எழுத்தில வேண்டாம் பிள்ளே. எனக்க அக்கவுண்டுல வரட்டு. வந்தா உனக்குள்ளது உனக்கு. நான் கர்த்தருக்குப் பயந்தவளாக்கும்."

ஓமனா அதை நம்பினாள். பதினொரு வருஷப் பழக்கம் அப்படி. நம்பியதால்தான் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாசமும் கூலி இல்லாமல் வயலில் நின்றாள். விழுந்த தண்டுகளைத் துண்டு போட்டு வரப்போரம் குவித்தாள். அடிக்கிழங்கு சாகவில்லை. மண்ணை அணைத்து, சாம்பல் போட்டு, புயலில் மோட்டார் போனதால் கால்வாயிலிருந்து குடத்தில் தண்ணீர் ஊற்றினாள். மார்ச்சில் செந்துளுவன் கன்றுகள் சிவந்த மூக்கோடு வெளியே வந்தன. இருநூறுக்குக் குறையாது. அவற்றைப் பார்த்த அன்று, புயலுக்குப் பிறகு முதல் தடவையாக, வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

நிவாரணம் கிடைத்தவர்களின் பட்டியலை வில்லேஜ் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நேசபாய் என்ற பெயருக்கு நேரே எழுபது சென்ட், வாழை, தொகை எல்லாம் இருந்தது. ஓமனா நேரே டீச்சர் வீட்டுக்கு நடந்தாள்.

"வந்துதே," என்றார் டீச்சர். "அதை நான் உனக்க பாட்டத்துல கழிச்சாச்சு. அது போக இன்னும் கொஞ்சம் பாக்கி நிக்குது."

"அது வாழைக்குத் தந்ததில்லியா டீச்சர்?"

"என் பேருலதானே தந்தான்?"

"வாழை செத்ததுக்குத் தந்தான். மண்ணுக்கு ஒண்ணும் ஆவல்லேண்ணு நீங்கதானே சொன்னிய? ஒண்ணும் ஆவாத மண்ணுக்கு என்னத்துக்கு நிவாரணம்?"

மூன்று மாசமாக அகப்படாமல் இருந்த ஓட்டை அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அகப்பட்டது. டீச்சரின் முகம் சுருங்கியது.

"வாய் கூடிப் போச்சு உனக்கு," என்று எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

அதன் பிறகு பேசியதெல்லாம் எபிசன்தான், சுயம்புராஜின் போனுக்கு. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புவான். பாக்கியைத் தர வேண்டும், தராவிட்டால் வயலில் காலெடுத்து வைக்கக்கூடாது. மே மாசம் லீவில் வந்தவன், வயலைச் சுந்தர்சிங்குக்குக் கொடுத்தான். கன்றோடு.

அது தெரிந்த மறுநாள் காலை ஓமனா கடப்பாரையும் சாக்குகளும் எடுத்தாள்.

"கன்னு எனக்குள்ளது. மண்ணு அவங்களுக்குள்ளதுண்ணா மண்ணைத் தட்டிப் போட்டுட்டு கன்னை எடுப்பேன்."

சுயம்புராஜ் வேண்டாம் என்றார். பிறகு, அவளைத் தனியே விட மனமில்லாமல் கூடப் போனார். ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் நூற்றெண்பது கன்று தோண்டி ஒரு சின்ன வண்டியில் ஏற்றினார்கள். ஓமனா உண்மையாகவே ஒவ்வொரு வேரிலும் மண்ணைத் தட்டினாள். வண்டி பாலத்தைத் தாண்டவில்லை. போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் கன்றுகளை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தார்கள். டீச்சருக்கு நாற்காலி போட்டிருந்தது. எபிசன் பக்கத்தில் நின்றான். ஓமனாவும் சுயம்புராஜும் சுவரோரம்.

"சார், இவங்களுக்கு எங்க நிலத்துல ஒரு பாத்தியதையும் கிடையாது," என்றான் எபிசன். "நாங்க யாருக்கும் பாட்டத்துக்குக் குடுக்கல்ல. அம்மா கூலிக்கு ஆள் வெச்சு விவசாயம் பாத்தாங்க. இவங்க கூலிக்கு வந்தவங்க."

எஸ்.ஐ. ஓமனாவிடம் திரும்பினார். "பாட்டத்துக்கு எடுத்ததுக்கு எழுத்து ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"ரசீது?"

"இல்ல."

ஓமனா டீச்சரைப் பார்த்தாள். அப்படியில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார், மகனைத் திருத்துவார் என்று அப்போதும் அவள் எதிர்பார்த்தாள். டீச்சர் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். அவ்வளவுதான். ஓமனாவுக்குள் ஏதோ ஆறிப்போனது. குரல் அவளே எதிர்பாராத அளவுக்குத் தெளிவாக வந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? பாட்டமே தரல்லேண்ணா, பாட்டப் பாக்கி கேட்டது என்னத்துக்கு?"

"யாரு கேட்டா?" என்றான் எபிசன்.

அவள் கணவரின் போனை வாங்கி எஸ்.ஐ.யின் மேஜையில் வைத்தாள். அதிலிருந்து எபிசனின் குரலே வந்தது: 'பாட்டப் பாக்கிய இந்த மாசத்துக்குள்ள செட்டில் பண்ணல்லேண்ணா பின்ன வயல்ல எறங்கண்டாம்.' எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கினார்.

"பாட்டம் உண்டுண்ணா கன்னு எனக்குள்ளது, கெவர்மென்டு தந்த பைசாவும் எனக்குள்ளது," என்றாள் ஓமனா. "பாட்டம் இல்லேண்ணா பாக்கியும் இல்ல. ரெண்டுல எதுண்ணு டீச்சர் சொல்லட்டு. அவங்க எது சொன்னாலும் எனக்குச் சம்மதமாக்கும்."

எபிசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டீச்சர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பாட்டம் உண்டு என்று ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பாட்டம் இல்ல," என்றார் டீச்சர், மெதுவாக. "பாக்கியும் ஒண்ணும் இல்ல."

ஜெயித்துவிட்டோம் என்று ஓமனாவுக்குத் தோன்றியது. அது எஸ்.ஐ. பேசத் தொடங்கும்வரை.

"அப்ப சரி. கூலிக்கு வந்தவங்க கன்னைத் தோண்டி எடுத்தா அதுக்குப் பேரு திருட்டும்மா. அவங்க புகார் கொடுத்திருக்காங்க. நான் கேஸ் போடணும். வேண்டாம்னா நீங்க ஒண்ணு எழுதிக் கொடுங்க, அவங்க புகாரை வாபஸ் வாங்கட்டும்." பிறகு, நல்லது சொல்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு நர்சிங் படிக்குதாமே. நாளைக்குப் பாஸ்போர்ட்டுக்கு விசாரணைன்னு எங்ககிட்டதான் வரும்."

ஏட்டு எழுதினார். இந்த நிலத்தில் நான் எக்காலத்திலும் பாட்டத்துக்குப் பயிர் செய்ததில்லை, கூலி வேலைக்கு மட்டுமே வந்திருக்கிறேன், கன்றுகளைத் தவறுதலாக எடுத்துவிட்டேன், இனி இதில் எந்த உரிமையும் கோரமாட்டேன். வாசித்தும் காட்டினார். எக்காலத்திலும் என்ற வார்த்தை வந்தபோது ஓமனா அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"போடு பிள்ளே," என்றார் சுயம்புராஜ். "வீட்டுக்குப் போவோம்."

அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது கன்றுகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், சுந்தர்சிங்குக்குக் கொண்டுபோக.

அடுத்த மாசம் ஓமனா அண்டியாபீஸுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு அங்கே அப்படித்தான் பெயர். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, கறுத்து, மரத்துப்போனது. வாழைக்கறை ஒரு நாளும் அவளை இப்படிச் செய்ததில்லை. ஏலா வழியாகப் போனால் பத்து நிமிஷம் மிச்சம். அவள் ரோட்டைச் சுற்றியே போனாள். ஆதிரா படித்து முடித்துத் திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

2021 நவம்பர் மழையில் கால்வாய் உடைந்தது. ஏலா முழுக்க ஐந்து நாள் வெள்ளம் நின்றது. வாழைக்கு ஐந்து நாள் தாங்காது, வேர் அழுகிவிடும். தண்ணீர் வடிந்த இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுந்தர்சிங் ஓமனாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"டீச்சருக்க வயல்ல எனக்கு அம்புட்டும் போச்சு. நிவாரணம் அவங்க பேருல போவும்ணு சொல்லுகாவ. பாட்டமும் கேக்காவ. வில்லேஜ் ஆபீஸுல, அந்த வயல் பாட்டத்துக்கு விடுகதுதான்னு தெரிஞ்ச ஒரு ஆளு வந்து சொன்னா போருமாம். உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

ஓமனா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தவில்லை.

"எனக்கு அந்த வயலைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் கூலிக்குப் போனவளாக்கும். ஸ்டேஷன்ல எழுதியே குடுத்திருக்கேன்."

"அண்ணைக்கு நான் சொன்னது தப்புதான் ஓமனா. எனக்குத் தெரியாமலா இருக்கு?"

அவள் முறத்தை இன்னொரு தடவை தட்டினாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

"பாவம், அவனுக்கும் பிள்ளைய உண்டு," என்றார் சுயம்புராஜ், உள்ளேயிருந்து. "ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, நான் அண்ணைக்கு எழுதினது கள்ளமுண்ணு ஆவும். அண்ணைக்கு எழுதினதுதான் சத்தியமுண்ணா நான் கள்ளி. எந்த வாயால நான் போய்ச் சொல்லுகது?"

இந்த நாளுக்காக அவள் உள்ளுக்குள் காத்திருந்தது உண்மை. சுந்தர்சிங் தன் வாசலில் வந்து கெஞ்சி நிற்பதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நடந்தபோது அதில் ஒரு ருசியும் இல்லை. அரிசியில் கல் இருக்கிறதா இல்லையா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சுந்தர்சிங் பசுவை விற்றுப் பாட்டத்தைக் கட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டாள். அடுத்த வருஷம் அவர் வயலை விட்டுவிட்டார்.

போன வருஷம் ஒரு நாள் மினி பஸ்ஸில் ஓமனாவுக்குப் பக்கத்து இருக்கையில் டீச்சர் வந்து உட்கார்ந்தார். வயதாகி, கையில் ஊன்றுகோல் இருந்தது. பார்த்தவுடன் சிரித்தார், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

"சுகமா இருக்கியா ஓமனா? ஆதிராவுக்குக் கல்யாணம் ஆச்சா? வயல் சும்மாத்தான் கெடக்கு, கேட்டியா. உன்னைப் போல ஒருத்தரும் பாக்கல்ல. திரும்பப் போடுகியா? பாட்டம் முன்னே தந்ததே தந்தா போரும்."

"எனக்கு அண்டியாபீஸ் உண்டு டீச்சர்," என்றாள் ஓமனா.

தன் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள். வெயிலில் நடந்தாள். கால்வாய்ப் பக்கம் செந்துளுவன், மேட்டோரம் ஏத்தன், ஏழடிக்கு ஒரு குழி என்றால் எத்தனை குழி வரும் என்று மனம் தானாக நட்டுக்கொண்டே போனது. சீ என்று தலையை உதறினாள். நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் முதல் வரிசையிலிருந்து நடத் தொடங்கியிருந்தாள்.